அருவிக்கரைப் பொடியும் தோலின் அமிலப் போர்வையும்

தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழைந்து தென்காசி வட்டாரத்தில் சாரலாகத் தூறும் ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான மாதங்களில், குற்றாலக் கடைவீதியில் இருவகைப் பொருள்கள் அருகருகே விற்கப்படுகின்றன: உடலில் தேய்க்கும் எண்ணெய் ஒன்று, தேய்த்த எண்ணெயைப் போக்கும் சீயக்காய்த்தூளும் குளியல் பொடியும் மற்றொன்று. தோலில் ஏற்கெனவே எண்ணெய்ப்பசை இருக்க, அதன்மேல் மேலும் எண்ணெய் பூசி, பின்னர் இரண்டையும் சேர்த்துக் கழுவும் இந்த வழக்கம் முதற்பார்வைக்கு வீண்வேலையாகத் தோன்றக்கூடும். ஆயினும் அழுக்கு நீக்கும் பொருள்களின் வேதியியலில் ஆராயப்படும் ஏறத்தாழ எல்லாக் கருத்துகளுக்கும், அதாவது கரைதல், பால்மமாதல், உறிஞ்சுதல், அமிலத்துக்கும் காரத்துக்கும் இடையிலான சமநிலை ஆகியவற்றுக்கு, இந்த ஒரே வழக்கத்தில் எடுத்துக்காட்டு கிடைக்கிறது. வீட்டில் குளியல் பொடி அரைப்பவர், சோப்புக் காய்ச்சுபவர், முகம் கழுவும் திரவம் கலப்பவர் ஆகிய மூவருமே ஒரு பொருள் மலையில் விளைந்ததா தொழிற்சாலையில் பிறந்ததா என்று பார்த்தே அதன் நன்மை தீமையை முடிவுசெய்யப் பழகியிருக்கிறார்கள். அப்பொருள் தோலின் மேற்படலத்தை என்ன செய்கிறது என்று பார்ப்பதே சரியான அளவுகோல் என்பதை இந்த அத்தியாயம் விளக்க முற்படுகிறது.

தோலின் ஆக வெளியே இருப்பது கொம்புப்படலம் எனப்படும். உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாக உடலின் பெரும்பகுதியில் இதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் இராது. உயிரிழந்து தட்டையான செல்கள் பதினைந்து முதல் இருபது அடுக்குகளாகச் செங்கற்கள் போல் அமைந்திருக்க, அவற்றின் இடைவெளிகளைச் சாந்து போல நிரப்பியிருப்பவை செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய கொழுப்புப் பொருள்கள். உடலின் நீர் வெளியேறாமலும் வெளியிலுள்ள கிருமிகளும் நச்சுகளும் உள்ளே புகாமலும் தடுப்பது இந்த மெல்லிய சுவர்தான். இதற்கு மேலே எண்ணெய்ச் சுரப்பிகளிலிருந்து வரும் சீபம் என்னும் கொழுப்புக் கலவை பரவுகிறது. கொழுப்பு அமிலங்கள், மெழுகுப் பொருள்கள், ஸ்குவாலீன் ஆகியவை கலந்த இந்தப் பசையில்தான் தூசி, புகைக்கரி, உதிரும் செல்கள், வியர்வையின் உப்பு எல்லாம் ஒட்டிக்கொள்கின்றன. அழுக்கு நீக்குவது என்பது மேலேயுள்ள பழைய பசையை அகற்றுவதும், கீழேயுள்ள சாந்தைத் தொடாமல் விடுவதும் ஆகும். இரண்டுமே கொழுப்புப் பொருள்கள் என்பதால் ஒன்றை மட்டும் கரைத்து மற்றதை விட்டுவைப்பது எளிதன்று. தோலுக்கான கழுவுபொருள்களைப் பற்றிய அறிவியல் முழுவதும் இந்த ஒரு சிக்கலைச் சுற்றியே வளர்ந்திருக்கிறது.

தோலின் மேற்பரப்பு மெல்லிய அமிலத்தன்மை கொண்டது. ஒரு நீர்மம் எவ்வளவு அமிலம் அல்லது காரம் என்பதைக் குறிக்கும் பிஎச் எண்ணில் 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஆரோக்கியமான தோலின் பிஎச் பெரும்பாலும் 4.7 முதல் 5.5 வரை இருக்கும். வியர்வையின் லாக்டிக் அமிலமும் தோலின் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்து உண்டாக்கும் இந்த நிலைக்கு 1928இல் ஜெர்மானிய ஆய்வாளர்களான ஹைன்ரிச் ஷாடே, ஆல்ஃபிரெட் மார்கியோனினி ஆகிய இருவரும் அமிலப் போர்வை என்று பெயரிட்டனர். செராமைடுகளை உருவாக்கும் நொதிகள் அமிலச் சூழலில்தான் நன்றாக இயங்குகின்றன. தோல் காரப்பக்கம் சாய்ந்தால் அவை தளர்ந்து, செல்களை இணைக்கும் புரதங்களை வெட்டும் நொதிகள் முனைப்படைவதால் தோல் செதில் உதிர்ந்து வறள்கிறது. பிஎச் எண் பத்தின் மடங்குகளில் ஏறி இறங்குவது என்பதும் நினைவிற்குரியது: 5க்கும் 10க்கும் உள்ள வேறுபாடு இரண்டு மடங்கு அன்று, ஒரு லட்சம் மடங்கு. காரச் சோப்பால் கழுவிய தோல் சில மணி நேரத்தில் தானே பழைய நிலைக்கு மீண்டுவிடும் என்பது உண்மை; நாளில் பலமுறை கழுவுவோருக்கும் கரப்பான் உள்ளோருக்கும் அந்த மீட்சிக்குப் போதிய நேரம் கிடைப்பதில்லை.

எண்ணெய்க் குளியலின் முதற்படி வேதியியலின் மிக எளிய விதியைச் சார்ந்தது: ஒரு பொருளை அதையொத்த பொருளே நன்கு கரைக்கும். கணவாய்க்கு மேற்கே தேங்காயெண்ணெயும் கிழக்கே நல்லெண்ணெயும் தேய்த்துக் குளிப்பது வழக்கம்; 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த செங்கோட்டை போன்ற ஊர்களில் இரண்டும் புழங்கும். எதுவாயினும் சீபத்தின் மெழுகையும் ஸ்குவாலீனையும் அது தன்னுள் கரைத்து, ஒட்டியிருந்த தூசியை நெகிழ்த்துகிறது. நீர் இந்த வேலையைச் செய்யாது. எண்ணெயும் நீரும் கலவாதிருப்பதால், இரண்டுக்கும் இடையே தூது செல்லும் ஒரு பொருள் தேவைப்படுகிறது. ஒரு முனை நீரை விரும்புவதாகவும் மறுமுனை எண்ணெயை விரும்புவதாகவும் உள்ள மூலக்கூறுகளே அந்தப் பொருள். நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் இவற்றுக்குப் பரப்புச் செயலிகள் என்று பெயர். நீரில் இவற்றின் செறிவு ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டியதும், எண்ணெய் விரும்பும் வால்களை உள்ளேயும் நீர் விரும்பும் தலைகளை வெளியேயும் வைத்து மைசெல் என்னும் நுண்ணிய உருண்டைகளாகத் திரளுகின்றன. எண்ணெய்த் துளி அந்த உருண்டையின் உள்ளே அடைபட்டு நீரோடு போய்விடுகிறது.

சீயக்காய், பூந்திக்கொட்டை, உசிலை மரத்தின் இலையை உலர்த்திப் பொடித்த அரப்பு ஆகிய மூன்றிலும் உள்ள பரப்புச் செயலி சபோனின் எனப்படும். இதில் சர்க்கரைக் கண்ணிகள் நீர் விரும்பும் தலையாகவும், அவற்றோடு இணைந்த கார்பன் வளையக் கட்டமைப்பு எண்ணெய் விரும்பும் பகுதியாகவும் அமைகின்றன. பூந்திக்கொட்டையின் உலர்ந்த சதையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சபோனின்தான். உள்ளே இருக்கும் கருப்புக் கொட்டை பயனற்றது, அதை எடுத்துவிட்டுச் சதையை மட்டும் பொடிக்க வேண்டும். இவற்றின் கரைசல்கள் மெல்லிய அமிலத்தன்மை கொண்டவை என்பதே சோப்பைவிட இவற்றுக்குள்ள உண்மையான மேன்மை. சீயக்காய் தேய்த்த தலைமுடி சிக்கு விழாமல் இருப்பதற்கு அமில நீரில் முடியின் மேற்செதில்கள் படிந்து கிடப்பதும் ஒரு காரணம். நுரையின் அளவைக் கொண்டு சுத்தத்தை அளப்பவர்கள் அரப்பைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். நுரை என்பது பரப்புச் செயலி காற்றோடு செய்யும் வேலை, அழுக்கோடு செய்யும் வேலை அன்று.

பயற்றமாவு செயல்படும் முறை வேறு. பாசிப்பயறு, கடலைப்பருப்பு ஆகியவற்றின் மாவில் சபோனின் சிறிதளவே உண்டு. ஆனால் மாவின் நுண்துகள்களுக்கு மிகப் பெரிய மேற்பரப்பு இருப்பதால் எண்ணெய் அவற்றின்மேல் படிந்துகொள்கிறது. பயற்றின் புரதங்களுக்கு எண்ணெயைச் சிறு துளிகளாக்கி நீரில் மிதக்கவிடும் ஆற்றலும் இருக்கிறது. எண்ணெயை முழுவதும் உரித்தெடுக்காமல் ஒரு மெல்லிய பூச்சை அது விட்டுவைப்பதால், வறண்ட தோலுடையோர்க்கு இந்த வகைக் கழுவுதல் பொருந்துகிறது.

சபோனின் செடியிலிருந்து வருவதால் தீங்கற்றது என்று பலரும் நம்புகின்றனர். அது உண்மையன்று. சபோனின் சிவப்பணுக்களின் மேலுறையைத் துளைத்து உடைக்கவல்லது. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். மீன்களின் செவுள்களைப் பாதித்து அவற்றைக் கொல்லும். பூந்திக்கொட்டை இனத்துக் காய்களை நீரில் கலக்கி மீன் பிடிக்கும் முறை உலகின் பல பகுதிகளில் இருந்திருக்கிறது. குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு ஆகியவற்றைப் பயன்படுத்திக் குளிப்பதைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2014இல் தடைசெய்தபோது, மூலிகைப் பொடிக்கு மட்டும் விலக்கு வேண்டுமென்று வாதிட வேதியியலில் இடமில்லை. பேரருவியின் நீர் சிற்றாறாக ஓடித் தாமிரபரணியில் சேர்கிறது. வழியெங்கும் அது பாசனத்துக்கும் குடிநீருக்கும் பயன்படுகிறது. சீயக்காயின் சபோனின் மண்ணிலும் நீரிலும் நுண்ணுயிர்களால் சிதைக்கப்படும் என்றாலும், அதற்கு நாள்களாகும். மலையோடையின் மீனுக்கு அந்த அவகாசம் இல்லை. பருவகாலத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே பாறையின் கீழ் எண்ணெய் கழுவும் இடத்தில் தடை என்பது மிகவும் நியாயமானது, அதைப் பயணிகள் தாமாகவே மதித்து, எண்ணெயையும் பொடியையும் தங்கும் விடுதியின் குளியலறையோடு நிறுத்திக்கொள்வதே அந்த மலைக்குச் செய்யும் மரியாதை.

சோப்பு என்பது எண்ணெயும் காரமும் வினைபுரிந்து உண்டாகும் உப்பு. ஒவ்வோர் எண்ணெய் மூலக்கூறும் மூன்று கொழுப்பு அமிலங்களும் ஒரு கிளிசரினும் சேர்ந்தது. காஸ்டிக் சோடா எனப்படும் சோடியம் ஹைட்ராக்சைடு அந்தப் பிணைப்பை அறுத்து, கொழுப்பு அமிலங்களைச் சோடியம் உப்புகளாக்கிக் கிளிசரினை விடுவிக்கிறது. கொழுப்புகளின் இந்த அமைப்பை விளக்கிய பிரெஞ்சு வேதியியலர் மிஷேல் ஷெவ்ருல் தம் ஆய்வுகளை 1823இல் நூலாக வெளியிட்டார். எந்த எண்ணெய்க்கு எவ்வளவு காரம் வேண்டும் என்பது அதன் சோப்பாக்க எண்ணைப் பொறுத்தது: ஒரு கிராம் தேங்காயெண்ணெய்க்கு 0.183 கிராம் காஸ்டிக் சோடா தேவைப்பட, நல்லெண்ணெய்க்கு 0.134 கிராம் அளவே போதும். ஆகவே 500 கிராம் தேங்காயெண்ணெயை முழுதும் சோப்பாக்க 91.5 கிராம் வேண்டும். காரம் மிஞ்சாமலிருக்க அதில் நூற்றுக்கு ஐந்து குறைத்து 87 கிராம் சேர்ப்பது வழக்கம். இந்தக் கணக்கைக் கிண்ணத்தாலும் கரண்டியாலும் அளந்து செய்வது ஆபத்தானது, கிராம் தராசு இல்லாதவர் சோப்புக் காய்ச்சத் தொடங்கவே கூடாது. காஸ்டிக் சோடாவைத்தான் நீரில் சிறிது சிறிதாக இட வேண்டும். அதன்மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரித்து எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளியிடுவதால், எவர்சில்வர் பாத்திரமே தகும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் இன்றியமையாதவை.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் உண்மையான சோப்பின் பிஎச் 9க்கும் 10க்கும் இடையில்தான் நிற்கும். எலுமிச்சைச் சாறு சேர்த்து அதைத் தோலின் 5.5க்கு இறக்கலாம் என்று சிலர் கருதுகின்றனர். அமிலம் சேரச் சேரச் சோப்பு மூலக்கூறு மீண்டும் கொழுப்பு அமிலமாக மாறிப் பிரிந்துவிடும். பிறகு அது நுரைக்காது, கழுவாது. பிஎச் 5.5 என்று அச்சிட்டு விற்கப்படும் கட்டிகள் சோப்பே அல்ல, அவை செயற்கைப் பரப்புச் செயலிகளால் ஆனவை. இதை அறிய ஆய்வகம் தேவையில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் அமிலத்திலும் நடுநிலையிலும் மஞ்சளாகவும், காரத்தில் செம்பழுப்பாகவும் நிறம் மாறும். மஞ்சள் கறை பட்ட துணியில் சோப்புப் போட்டதும் அது சிவப்பதைத் தமிழ்நாட்டில் துணி துவைத்த எவரும் கண்டிருப்பர். மஞ்சள்தூளை நீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசி உலர்த்தினால் சோதனைத் தாள் தயார். அதன்மேல் சோப்புக் கரைசல் ஒரு துளி விழுந்தால் சிவக்கும், சீயக்காய்க் கரைசல் விழுந்தால் மஞ்சளாகவே இருக்கும். செம்பருத்திப் பூவின் சாறு இன்னும் நுட்பமானது. அமிலத்தில் அடர்சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறும்.

சோப்புக்கு மற்றொரு குறையும் உண்டு. மழைநீராக இறங்கி விரைந்தோடும் மலையோடை நீரில் கரைந்த உப்புகள் குறைவு. ஆழ்துளைக் கிணற்று நீரில் பல இடங்களில் கால்சியம், மெக்னீசிய உப்புகள் மிகுதி. இந்த உப்புகளோடு சேர்ந்த சோப்பு, கரையாத வெண்பசையாகி வாளியின் விளிம்பிலும் தோலிலும் படிகிறது. சபோனினுக்கும் செயற்கைப் பரப்புச் செயலிகள் பலவற்றுக்கும் இந்தத் தொல்லை மிகக் குறைவு. கடையில் வாங்கும் சோப்பின் உறையில் டி.எஃப்.எம். என்று குறிக்கப்படுவது மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு. இந்தியத் தர நிர்ணயத்தின்படி முதல் தரத்துக்கு 76, இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60 விழுக்காடு குறைந்தபட்சம் இருக்க வேண்டும். இந்த எண் சோப்பில் எவ்வளவு சோப்பு இருக்கிறது என்பதைச் சொல்லும். அது தோலுக்கு எவ்வளவு மென்மையானது என்பதைச் சொல்லாது.

தேங்காயிலிருந்து எடுக்கப்பட்டது என்ற விளம்பரமும் இதேபோல் பாதி உண்மையே பேசுகிறது. தேங்காயெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம். அதை லாரில் ஆல்கஹாலாக மாற்றிச் சல்ஃபேட் ஏற்றினால் சோடியம் லாரில் சல்ஃபேட் கிடைக்கிறது; தோலில் வேண்டுமென்றே எரிச்சல் உண்டாக்கிப் பார்க்க வேண்டிய ஆய்வுகளில் தோல் மருத்துவர்கள் அளவுகோலாகப் பயன்படுத்தும் பொருளே இதுதான். அதே தேங்காய்க் கொழுப்பு அமிலங்களை ஐசெத்தியோனிக் அமிலத்தோடு இணைத்தால் சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட் என்னும் மிக மென்மையான பரப்புச் செயலி பிறக்கிறது. 1957இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டவ் கட்டி இந்த வகையைப் பரவலாக்கியது. மூலப்பொருள் ஒன்று, தலைப்பகுதியில் செய்த மாற்றத்தால் தோலின்மேல் விளைவு நேரெதிர்.

பொருள்களின் பட்டியலைப் படிக்க ஓர் எளிய வழி உண்டு. ஒரு விழுக்காட்டுக்கு மேல் உள்ள பொருள்கள் அளவின் இறங்குவரிசையிலும், அதற்குக் குறைந்தவை எந்த வரிசையிலும் எழுதப்படலாம் என்பது விதி. பரவலாகச் சேர்க்கப்படும் ஃபீனாக்சிஎத்தனால் என்னும் பதனப்பொருள் ஒரு விழுக்காட்டுக்கு மேல் சேர்க்கப்படுவதில்லை. ஆகவே பட்டியலில் அதற்குப் பின்னால் வரும் எதுவும் ஒரு விழுக்காட்டைத் தாண்டாது. உறையின் முகப்பில் வேம்பும் ஆவாரம்பூவும் பெரிதாக வரையப்பட்டு, பட்டியலில் அவை ஃபீனாக்சிஎத்தனாலுக்குப் பின் நின்றால், வாங்குபவர் படத்துக்கே பணம் கொடுக்கிறார்.

வீட்டுக் குளியல் பொடியின் மூலவடிவம் சித்த மருத்துவர்கள் கூறும் நலங்கு மாவு. பாசிப்பயறு, வெட்டிவேர், சந்தனம், கோரைக்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, விலாமிச்சை, கார்போகரிசி ஆகியவை அதில் சேரும். இவற்றில் பாசிப்பயறு அழுக்கை ஏற்கிறது. வேர்களும் கிழங்குகளும் மணத்துக்காக. கார்போகரிசி மட்டும் தனித்துக் கவனிக்கத்தக்கது. இவ்விதையில் சோரலென் என்னும் பொருள் இருக்கிறது. அது தோல் செல்களின் டிஎன்ஏ இழைகளுக்கிடையே புகுந்து, புறஊதா ஏ கதிர் பட்டவுடன் இரு இழைகளையும் பிணைத்துவிடும்; வெண்புள்ளிக்கு இதே விதையைப் பயன்படுத்துவதும், தோல் நோய்களுக்குச் சோரலெனும் புறஊதாக் கதிரும் சேர்ந்த சிகிச்சை அளிக்கப்படுவதும் இந்த ஆற்றலைக் கருதித்தான். மருத்துவர் அளவறிந்து தரும்போது மருந்தாவது, நண்பகல் வெயிலில் வயலுக்கோ பள்ளிக்கோ செல்பவரின் முகத்தில் கொப்புளமாகவும் கருந்தழும்பாகவும் முடியலாம். அதே விதையிலிருந்து 1966இல் இந்திய வேதியியலர்கள் பிரித்தெடுத்த பகுச்சியோல் இப்போது முகப்பூச்சுகளில் புகழ்பெற்று வருகிறது. தூய்மைப்படுத்திய பகுச்சியோலில் சோரலென் நீக்கப்பட்டிருக்கும். அரைத்த விதையில் இரண்டும் இருக்கும். அந்தப் புகழைக் கேட்டுப் பொடியில் கார்போகரிசியைக் கூட்டுவது தவறான முடிவு. அன்றாடப் பொடியிலிருந்து அதை விலக்கிவிடுவதே நல்லது.

எலுமிச்சைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தென்காசி மாவட்டத்துப் புளியங்குடி எலுமிச்சை வணிகத்துக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கு விளையும் சிறிய, புளிப்பு மிகுந்த பழத்தின் சாறு பிஎச் 2க்கும் 2.5க்கும் இடைப்பட்டது, தோலின் அமிலத்தைவிடப் பல நூறு மடங்கு கடுமையானது. அதன் பழத்தோலின் எண்ணெயில் சோரலெனின் உறவுப்பொருள்கள் இருப்பதால், சாறு பிழிந்த கையோடு வெயிலில் நின்றவர்களுக்கு வடுக்கள் தோன்றுவது மருத்துவ நூல்களில் நன்கு பதிவான நோய். காயவைத்த எலுமிச்சைத் தோலைப் பொடியில் சேர்க்கும் பழக்கத்தைக் கைவிடலாம். மணம் வேண்டுவோர் சாத்துக்குடி வகை இனிப்பு ஆரஞ்சின் தோலைச் சேர்க்கலாம், அதில் இப்பொருள்கள் மிகக் குறைவு. மறுபுறம், முகத்துக்குச் சமையல் சோடா பூசுவது 8க்கு மேற்பட்ட காரத்தைப் பூசுவதாகும்.

உடல் கழுவ நூறு கிராம் பொடிக்குப் பாசிப்பயறு 60 கிராம், சீயக்காய் 10, பூந்திக்கொட்டைச் சதை 5, வெட்டிவேர் 8, கோரைக்கிழங்கு 7, ஆவாரம்பூ 7, கஸ்தூரி மஞ்சள் 3 என்ற அளவு ஒரு தொடக்கமாக அமையும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர் சீயக்காயைச் சிறிது கூட்டலாம். முகத்துக்கு மட்டும் எனில் சீயக்காயையும் பூந்திக்கொட்டையையும் அறவே நீக்கி, அந்த அளவுக்குப் பயற்றைச் சேர்க்கலாம். அளவைவிட முக்கியமானவை இரண்டு செயல்கள். முதலாவது, சாரல் தொடங்குமுன் பங்குனி, சித்திரை வெயிலில் பொருள்களை முறியும் பதத்துக்குக் காயவைத்து, சீயக்காய்க்கென்றே தனி இயந்திரம் வைத்திருக்கும் மாவு மில்லில் அரைப்பது. மிளகாய் அரைத்த இயந்திரத்தில் அரைத்த பொடி குளியலறையில் தன்னை வெளிப்படுத்திவிடும். இரண்டாவது, சித்த மருத்துவர்கள் வஸ்திரகாயம் என்று கூறும் துணிச்சலிப்பு. சல்லடையில் தப்பும் வேர்நாரும் உமித்துணுக்கும் கூர்முனை கொண்டவை; அவற்றால் தேய்க்கும்போது தோலின் மேற்படலம் கீறப்படுகிறது, அந்தக் கீறலின் செம்மையைப் பொலிவு என்று எண்ணுவோர் பலர்.

பொடி கெடாதிருப்பதன் காரணம் அதில் நுண்ணுயிர்களுக்குக் கிடைக்கும் நீர் இல்லாமையே. ஒரு பொருளில் உயிர்கள் பயன்படுத்தத்தக்க நீரின் பங்கு நீர்ச்செயல்பாடு எனப்படும். தூய நீருக்கு அது 1. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.9க்குக் கீழே வளரா, 0.6க்குக் கீழே பூஞ்சையும் வளராது. நன்கு காய்ந்த பொடி இந்த எல்லைக்குக் கீழே நிற்கிறது. ஈரக்கையால் அள்ளினாலோ, சாரல் மாதத்தில் குளியலறையில் திறந்து வைத்தாலோ அது எல்லையைக் கடந்து, கட்டிபட்டு, பூசண வாடை எடுக்கும். அந்தப் பொடியை மீண்டும் வெயிலில் வைத்துக் காப்பாற்ற முயலாமல் கொட்டிவிட வேண்டும். நீரில் குழைத்த பொடி, கொதிக்கவைத்த பூந்திக்கொட்டைச் சாறு, அரைத்த கற்றாழை ஆகியவை அன்றன்றே தீர வேண்டியவை. சர்க்கரையும் புரதமும் நிறைந்த அந்த நீர்மங்களில் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் நிறமோ நாற்றமோ காட்டுமுன்பே பெருகக்கூடும். வைட்டமின் ஈ இவற்றைக் காக்காது. அது எண்ணெய் சிக்கெடுப்பதைத் தாமதப்படுத்துமே தவிரக் கிருமியைத் தடுக்காது.

நீர்மமாக, பல வாரம் வைத்துப் பயன்படுத்தும் கழுவுபொருள் வேண்டுமெனில் பதனப்பொருள் தவிர்க்க முடியாதது. நூறு கிராம் திரவத்துக்கு, பாதி வீரியமுள்ள டெசில் குளுக்கோசைடு 12 கிராம், முப்பது விழுக்காடு வீரியமுள்ள கோகமிடோபுரொப்பைல் பீட்டைன் 10 கிராம், கிளிசரின் 3 கிராம், சோடியம் பென்சோயேட் 0.5 கிராம், மீதி கொதித்து ஆறிய காய்ச்சி வடித்த நீர் என்பது ஒரு மென்மையான கலவை. முதலிரண்டிலிருந்தும் உண்மையில் கிடைக்கும் பரப்புச் செயலி 6 கிராமும் 3 கிராமுமாக 9 விழுக்காடு மட்டுமே. டெசில் குளுக்கோசைடு வலிய காரமாக வருவதால், சிட்ரிக் அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பிஎச் தாளில் 4.5க்கும் 5க்கும் இடையே கொண்டுவர வேண்டும். இந்த எல்லை தோலை மட்டும் கருதி வகுக்கப்பட்டதன்று. சோடியம் பென்சோயேட் கிருமியைத் தடுப்பது பென்சோயிக் அமிலமாக மாறிய பகுதியால் மட்டுமே: பிஎச் 4.5இல் மூன்றில் ஒரு பங்கு அவ்வாறு இருக்கும், 5இல் ஏழில் ஒரு பங்கு, 6இல் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. பதனப்பொருளைச் சரியாக அளந்து சேர்த்துவிட்டுப் பிஎச் பார்க்க மறந்தவர், பதனப்பொருள் இல்லாத திரவத்தையே புட்டியில் அடைக்கிறார்.

மணத்துக்காகச் சேர்க்கும் தாவர எண்ணெய்களிலும் அளவு வேண்டும். கிராம்பின் யூஜெனால், எலுமிச்சையின் லிமோனீன், லாவெண்டரின் லினலூல் ஆகியவை ஒவ்வாமை தூண்டும் நறுமணப் பொருள்களாக ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் உள்ளவை. கழுவிவிடும் பொருளில் 0.01 விழுக்காட்டைத் தாண்டினாலே அவற்றின் பெயரை உறையில் குறிப்பிட வேண்டும். பீட்டைனும் சிலருக்கு ஒவ்வாமை தரும். புதிய பொடியையோ திரவத்தையோ கட்டுப்போட்டு ஒரு நாள் முழுவதும் தோலில் வைத்துச் சோதிப்பது பிழையான முடிவைத் தரும், ஏனெனில் கழுவிவிட வேண்டிய எந்தப் பரப்புச் செயலியும் அவ்வாறு அடைபட்டால் எரிச்சலூட்டவே செய்யும். முழங்கையின் உள்மடிப்பில் வழக்கம்போல் தேய்த்துக் கழுவி, நாளுக்கு இருமுறை ஒரு வாரம் தொடர்ந்து பார்ப்பதே உகந்த முறை. வீட்டாரைத் தாண்டி விற்பனைக்குச் செய்வோர் 1940ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வரும் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி உற்பத்தி உரிமம் பெற்றாக வேண்டும்.

உணவுப் பொருள் என்பதால் தோலுக்குத் தீங்கில்லை என்ற கருத்தும் ஜப்பானில் பெரும் விலை கொடுத்துத் திருத்தப்பட்டது. கோதுமைப் புரதத்தைச் சிதைத்துச் சேர்த்த ஒரு முகச் சோப்பைப் பயன்படுத்தியவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கோதுமை உண்ணவே முடியாத ஒவ்வாமைக்கு உள்ளாகி, 2011இல் அந்தச் சோப்பு திரும்பப் பெறப்பட்டது. வாயால் உண்ணும் புரதத்தை ஏற்கப் பழகும் உடல், சேதமுற்ற தோலின் வழியே நுழையும் அதே புரதத்தைப் பகையாகக் கருதக்கூடும். நிலக்கடலை எண்ணெய் கலந்த பூச்சுகளுக்கும் குழந்தைகளின் நிலக்கடலை ஒவ்வாமைக்கும் இருந்த தொடர்பை 2003இல் கிடியன் லாக்கும் அவருடைய குழுவினரும் வெளியிட்டிருந்தனர். பயறும் பருப்பு வகைப் புரதமே. பிறந்த குழந்தையின் தோல் நடுநிலைக்கு அருகில் தொடங்கி, சில வாரங்களில்தான் அமிலப் போர்வையைப் பெறுகிறது. அதனால் கைக்குழந்தைக்கு மஞ்சளும் சீயக்காயும் சேர்ந்த பொடி வேண்டாம். கரப்பான் கண்டு தோல் வெடித்திருக்கும் குழந்தைக்குப் பயற்றமாவையும் நிறுத்திவிட்டு, மணமற்ற, பிஎச் 5.5 அளவிலான மென்கழுவியை மருத்துவரின் யோசனைப்படி பயன்படுத்துவதும், தோல் ஆறிய பிறகு மாவைப் பற்றி யோசிப்பதும் பாதுகாப்பானவை.